37 வயதுப் பிள்ளைக்குத் தெரபிஸ்ட் தேடிய கதை

ஆட்டிசம் உள்ள நான் இப்போது போகிற தெரபி இடத்தைப் பற்றிய விமர்சனம் இது. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீளமாக வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம்: ஐந்துக்கு நான்கு. மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் தாமான் ஜெயா எல்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம், கடைவரிசையின் இரண்டாவது மாடி, ஒரே ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் நடத்துகிற சின்ன இடம். 50 நிமிடத்துக்கு 220 வெள்ளி (ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). பத்து மாதத்தில் 19 தடவை போயிருக்கிறேன். பெயரைப் போட மாட்டேன். தன்னிடம் வருகிறவர்கள் பெயர் சொல்லிப் பாராட்டி எழுதுவது அவருக்குப் பிடிக்காது, ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார், அதை மீறி எழுதினால் அடுத்த வியாழக்கிழமை அவர் முகத்தில் விழிக்க முடியாது. (யார் முகத்தையும் பார்த்துப் பேச வராத ஒருவன் எழுதுகிற வரி இது, சிரித்துக்கொள்ளுங்கள்.)

பெயர் இல்லாத விமர்சனத்தை வைத்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். இங்கே வருவதற்கு முன் மூன்று இடங்களில் மொத்தம் 1,680 வெள்ளி செலவழித்தேன். சம்பளக் கணக்குப் பார்க்கிற வேலை என்பதால் சரியான எண் கையில் இருக்கிறது. அந்தப் பணத்தில் நான் கற்றுக்கொண்டது உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கட்டும்.

நான் கோலாலம்பூர் செந்தூல் ஆள். 34 வயதில்தான் ஆட்டிசம் என்று உறுதியானது. மூன்று அமர்வு, 1,900 வெள்ளி, அது தனிக் கணக்கு. சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன் என்று கேட்க அம்மாவையும் கூப்பிட்டார்கள். அம்மா பெருமையாகச் சொன்னார்: "ரொம்ப நல்ல பிள்ளைங்க, ஒரு தொந்தரவும் இல்ல, பஸ் டிக்கெட்ட நம்பர் வாரியா அடுக்கி வச்சிக்கிட்டு நாள் பூரா ஒரே மூலையில உக்காந்திருப்பான்." எதிரில் இருந்தவர் எழுதிக்கொண்டே போனார். நற்சான்றிதழ் கொடுக்கிறோம் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த டிக்கெட்டுகள் பாஸ் மினியுடையவை. கோலாலம்பூரில் 1975-இலிருந்து 1998 வரை ஓடிய இளஞ்சிவப்பு மினி பஸ்கள், கடைசிக் காலத்தில் 60 சென். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

தமிழில் இதற்கு மதியிறுக்கம் என்று ஒரு சொல் இருக்கிறது. யார் வைத்தார்களோ, எனக்கு அந்தச் சொல்லோடு ஒட்டவே இல்லை. என் மதி ஒன்றும் இறுகிக் கிடக்கவில்லை, நேர்மாறாக எல்லாச் சத்தமும் எல்லா வெளிச்சமும் தடையே இல்லாமல் உள்ளே வந்துவிடுகிறது என்பதுதான் பிரச்சினை. ஆட்டிசம் என்றே எழுதுகிறேன். முன்பு ஆஸ்பெர்கர் என்று தனியாகச் சொன்னார்களே, அதையும் 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இதற்குள்ளேயே சேர்த்துவிட்டது. என் அறிக்கையில் லெவல் 1 என்று இருக்கிறது, மூன்று நிலைகளில் உதவி குறைவாகத் தேவைப்படும் நிலை. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு "ஒண்ணுதானே, பாஸாயிட்ட" என்றார்.

அப்புறம், இந்த நாட்டில் ஆட்டிசம் என்றாலே பிள்ளைகள்தான். வருமான வரிப் படிவத்தைப் பாருங்கள்: ஆட்டிசம் பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் வரிச்சலுகை உண்டு, 2025 வரியாண்டுக்கு 6,000 வெள்ளி வரை, ஆனால் 18 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்காகப் பெற்றோர் செய்யும் செலவுக்கு. பதினெட்டு முடிந்த அன்று நமக்கு எல்லாம் குணமாகிவிடுகிறது போல. பெரியவர்களுக்கு மனநல ஆலோசனைச் செலவு, முழு மருத்துவப் பரிசோதனைக்கான 1,000 வெள்ளி வரம்புக்குள் வருகிறது, அந்த ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள்.

நான் முதலில் போனது அரசாங்க வழியில். கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசாங்கச் சுகாதார நிலையத்தில் ஒரு வெள்ளி கட்டி, கடிதம் வாங்கி, ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு. கையில் காசில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போங்கள். தூக்கம் இல்லாமல் கிடந்த எனக்கு மாத்திரை கொடுத்து நிமிர்த்தியது அவர்கள்தான், அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர், ஒவ்வொரு தடவையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், புது முகத்துக்கு என் முகத்தைத் தயார் பண்ணுவதற்குள் பதினைந்து நிமிடம் முடிந்துவிடும். அங்கே கிடைப்பது மருத்துவம். வாராவாரம் உட்கார்ந்து பேசுவதற்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

பணம் செலவழித்த அந்த மூன்றில் முதல் இடம் ஆன்லைன். செயலியில் கேள்விக்குப் பதில் போட்டால் அவர்களே ஆளைப் பொருத்திக் கொடுப்பார்கள், ஐந்து அமர்வு, 120 வீதம் 600. வீட்டிலிருந்தே பேசலாம் என்பது வசதிதான், ஆனால் திரையில் என் முகம் எனக்கே தெரிந்துகொண்டிருந்ததில் பாதி மூளை அதைக் கவனிப்பதில் போனது. வந்தவர் நல்ல பெண், இளையவர். சிபிடி முறை, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பார்க்கிற பேச்சு சிகிச்சை. மனதில் வரும் எண்ணத்தை எழுதி, அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். 'ஆபீஸில் என்னை யாருக்கும் பிடிக்கவில்லை' என்று எழுதினேன். "இதுக்கு என்ன ஆதாரம்?" என்றார். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். சாப்பாட்டுக்கு அவனைக் கூப்பிடாதீர்கள், பஸ் கதை ஆரம்பித்துவிடுவான் என்று ஒருவர் எழுதியது, நான் இருக்கும் குழுவிலேயே தவறிப் போட்டது, கீழே நான்கு பேர் சிரித்திருந்தார்கள். நீண்ட நேரம் பேச்சு வரவில்லை அவருக்கு. பிறகு "அன்னிக்கு அவருக்கு மூட் சரியில்லாம இருந்திருக்கலாம்" என்றார். எண்ணம் தப்பாக இருந்தால் திருத்தலாம், உண்மையாகவே இருந்தால் என்ன செய்வது என்பது அவருடைய தாளில் இல்லை.

இரண்டாவது இடம் ஒரே நாளில் முடிந்தது. ஆட்டிசம் நிபுணர்கள் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். போன் பண்ணித்தான் நேரம் வாங்க வேண்டும், போன் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும், என்ன பேச வேண்டும் என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தேன்.

"பிள்ளைக்கு என்ன வயசு?"

"37."

"மூணு வயசு ஏழு மாசமா?"

தாளில் அதற்குப் பதில் இல்லை. எனக்குத்தான் என்று விளக்கி, வரச் சொன்னார்கள், போனேன். முட்டி நெஞ்சில் இடிக்கிற உயரத்தில் ஒரு நாற்காலி, சுவர் முழுக்க யானையும் ஆப்பிளும். அங்கிருந்தவர் பிள்ளைகளிடம் கெட்டிக்காரராகவே இருப்பார், பக்கத்து அறையிலிருந்து வந்த சிரிப்பைக் கேட்டாலே தெரிந்தது. எனக்கு முகபாவ அட்டைகளைக் காட்டினார். சோகம், கோபம், ஆச்சரியம். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன், 180 வெள்ளி கட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாவது இடத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும், ஏனென்றால் அங்கே எனக்குப் பாதி நல்லது நடந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ் ஆலோசகர், வயதானவர், ஐயா என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். ஆறு அமர்வு, 150 வீதம் 900. பதிவு பெற்றவர், சான்றிதழ் சுவரில் இருந்தது. இங்கே 1998-ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டம் என்று ஒன்று உண்டு, 580-ஆம் எண், லெம்பாகா கவுன்சலோர் என்கிற ஆலோசகர் வாரியத்தில் பதியாமல் தன்னைக் கவுன்சலர் என்று யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளுக்கு வேறு, 2016-ஆம் ஆண்டின் 774-ஆம் எண் சட்டம். 'லைஃப் கோச்', 'ஹீலர்' என்று போட்டுக்கொள்கிறவர்கள் இந்த இரண்டிலும் வர மாட்டார்கள். பதிவைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் பதிவு இருந்தால் ஆள் போலி இல்லை என்று தெரியும், அவ்வளவுதான். நமக்குப் பொருந்துவாரா என்பதை எந்தச் சான்றிதழும் சொல்லாது.

ஐயாவிடம் எதையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிப் பக்கத்து மேசையில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று சொன்னதும் புரிந்துகொண்டார். சாப்பிட்டாச்சா என்ற கேள்விக்கு நான் என்ன சாப்பிட்டேன் என்று வரிசையாகச் சொல்லிவிடுவதைக் கேட்டுச் சிரித்தார், கேலிச் சிரிப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை முன்னறிவிப்பில்லாமல் வந்து நிற்கிற சொந்தக்காரர்கள், தைப்பூசத்துக்குப் பத்துமலை வராமல் இருக்க நான் வருடா வருடம் கண்டுபிடிக்கும் காரணங்கள், எல்லாம் அவருக்குத் தெரிந்த உலகம்.

ஆனால் அவர் கொடுத்த வைத்தியம் ஒன்றே ஒன்று: "பழகப் பழகச் சரியாயிடும் தம்பி." நாசி லெமாக் கடை அக்காவை மூன்று விநாடி கண்ணைப் பார்த்துப் பேசு, அடுத்த வாரம் ஐந்து விநாடி. ஆபீஸில் தினமும் ஒருவரிடம் நீயாகப் போய்ப் பேச்சுக் கொடு. சொன்னதை அப்படியே செய்தேன், நான் சொன்னால் செய்கிற ஆள், நோட்டுப் புத்தகத்தில் டிக் போட்டுக்கூட வைத்திருந்தேன். ஆறு வாரத்தில் நன்றாகவே வந்தது. எல்லோரும் மாறிவிட்டாய் என்றார்கள், அம்மா கோவிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணினார். ஏழாவது வாரம் திங்கட்கிழமை என்னால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, பல் துலக்குவது என்றால் முதலில் எதை எடுக்க வேண்டும் என்று யோசிக்க வேண்டியிருந்தது. இரண்டு வாரம் எம்சி, மருத்துவ விடுப்பு. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இதை 'ஆட்டிஸ்டிக் பர்ன்அவுட்' என்கிறார்கள் என்பதும், நாள் முழுக்க இயல்பானவன் போல நடிப்பது அதற்கு முக்கியமான காரணம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஐயா கெட்டவர் இல்லை. நான் நன்றாக நடிப்பதைப் பார்த்து, குணமாகிறேன் என்று நினைத்துவிட்டார்.

படுத்துக் கிடந்த அந்த நாட்களில்தான் பிரிட்டனின் நைஸ் என்கிற சுகாதார அமைப்பு, ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்காக 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் படித்தேன். சிபிடி போன்ற முறைகளை நம்மைப் போன்றவர்களுக்கு எப்படி மாற்ற வேண்டும் என்று அதில் நேரடியாகவே இருக்கிறது: எழுத்திலும் படத்திலும் அதிகம் கொடுங்கள், விதிகளை வெளிப்படையாகச் சொல்லுங்கள், உவமையையும் இரட்டை அர்த்தப் பேச்சையும் குறையுங்கள், எண்ணத்தைத் திருத்துவதைவிட நடைமுறையை மாற்றுவதில் கவனம் வையுங்கள், நடுவில் இடைவேளை விடுங்கள், அந்த ஆளுக்குப் பிடித்த விஷயத்தை முடிந்தால் பயன்படுத்துங்கள். மூன்று இடத்திலும் இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. அதன் பிறகு நான் ஆள் தேடிய விதமே மாறிப்போனது. உங்களுக்கு ஆட்டிசத்தில் அனுபவம் உண்டா என்று கேட்பதை விட்டுவிட்டேன், எல்லோரும் உண்டு என்பார்கள், பிள்ளைகளைச் சொல்வார்கள். கடைசியாக உங்களிடம் வந்த ஆட்டிசம் உள்ள பெரியவருக்காக உங்கள் வழக்கமான முறையில் எதை மாற்றினீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டேன். எட்டுப் பேருக்கு அனுப்பினேன். மூன்று பேர் பதிலே போடவில்லை, நான்கு பேர் விலைப்பட்டியல் அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் ஆறு வரியில் என்ன மாற்றினார் என்று எழுதியிருந்தார், கடைசி வரியில், அதில் ஒன்று பலிக்கவில்லை என்றும்.

அவர்தான் இவர். சீனப் பெண்மணி, நாற்பதைத் தாண்டியிருக்கும், பேச்சு ஆங்கிலத்தில். நேரம் வாங்கப் போன் வேண்டாம், படிவம் போதும். முதல் நாளுக்கு முன்பே ஒரு பக்கம் அனுப்பினார்: கீழே நுழைவாசல் எப்படி இருக்கும், எந்தப் படிக்கட்டு, மணி எங்கே, அறை எப்படி, எந்த நாற்காலியில் வேண்டுமானாலும் உட்காரலாம், எல்லாவற்றுக்கும் படம். முதல் 50 நிமிடத்தில் என்னென்ன கேட்பார், எதற்கெல்லாம் பதில் சொல்லாமல் விடலாம். இந்த ஒரு பக்கத்துக்காகவே நான் பாதிக் கட்டணத்தைக் கொடுத்துவிடுவேன், அந்த வாரம் எனக்குத் தூக்கம் கெடவில்லை.

அறையில் டியூப்லைட் இல்லை, மஞ்சள் விளக்கு. வாசனைப் புகை விடும் ஒரு சாதனம் இருந்தது, தலைவலிக்கிறது என்றேன், மறுபடி அதைப் பார்க்கவில்லை. நாற்காலிகள் நேருக்கு நேராக இல்லாமல் இரண்டும் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்திருக்கும், யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. நான் பதில் சொல்ல ஒரு நிமிடம்கூட எடுப்பேன். காத்திருப்பார். முன்பெல்லாம் அந்த மௌனத்தில் ஒரு புதுக் கேள்வி வந்து விழும், பழைய கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும்.

எப்படி உணர்கிறீர்கள் என்ற கேள்விக்கு எனக்குப் பதில் வருவதில்லை. மறைப்பதற்காக இல்லை, நிஜமாகவே தெரியாது. மனசு கஷ்டமாக இருக்கிறதா என்று அம்மா கேட்டால் மனசு எங்கே இருக்கிறது என்று தேடுவேன். அதற்கு அலெக்சிதைமியா என்று பெயர் இருக்கிறதாம், ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு உண்டாம். மூன்றாவது அமர்வில் இவர் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டார். பாஸ் மினியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன், 50 நிமிடமும் அதுதான், 220 வெள்ளிக்கு பஸ் கதை. அடுத்த வாரம் ஒரு தாளில் அதையே அளவுகோலாகப் போட்டுக் கொண்டுவந்தார். ஒன்று, ஜன்னல் சீட்டு. இரண்டு, உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் ஆள். மூன்று, நிற்கிறேன், கம்பி எட்டுகிறது. நான்கு, கம்பி எட்டவில்லை. ஐந்து, கதவில் தொங்குகிறேன். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்றார். நான்கு என்று உடனே சொன்னேன், யோசிக்கவே இல்லை. என் வயதில் முதல் தடவையாக அந்த மாதிரிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது அம்மாவுக்கும் அது தெரியும். வேலை முடிந்து வந்ததும் "எத்தனை?" என்பார், நான்கு என்றால் டிவியை அணைத்துவிடுவார்.

ஒருநாள் அம்மாவும் வந்தார். மலாயில் பேசினார்கள். நான் சரியாக வளர்க்கவில்லையா, என்னால் வந்ததா என்று அம்மா கேட்டார். இருபது வருடமாக உள்ளே வைத்திருந்த கேள்வியாக இருக்க வேண்டும். "புக்கான் சாலா ஆன்டி" என்றார், உங்கள் தப்பில்லை என்று, அப்புறம் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் டாக்டர்களே தாய்மார் பாசம் காட்டாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று எழுதி வைத்தார்கள், அது தவறு என்று கைவிட்டாயிற்று என்று விளக்கினார். அம்மா எல்ஆர்டியில் திரும்பும்போது மஸ்ஜிட் ஜாமெக் வரை எதுவும் பேசவில்லை. மாறி ஏறியதும், அந்தக் காலத்து டாக்டர்களைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றார்.

தப்பாகப் புரிந்துகொண்டால் அதையும் சொல்லிவிடுவார். ஒரு தடவை நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து அரை மணி நேரம் அதையே பேசினார், நான் பசியில் இருந்தேன். தெரிந்ததும், உங்கள் முகத்தை நான்தான் தப்பாகப் படித்தேன், அது என் பக்கத்துக் குறை என்று அடுத்த வாரக் குறிப்பில் எழுதியே அனுப்பினார். டேமியன் மில்டன் என்று பிரிட்டனில் ஒரு சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் இதைத்தான் எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, நம் பக்கம் மட்டும் இல்லை. அந்தக் கட்டுரையைப் படித்தபோது தலையாட்டினேன். இந்தக் குறிப்பைப் படித்தபோது போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அறையைச் சுற்றி நடந்தேன்.

சரி, குறைக்கு வருகிறேன். விலை. மாதம் இரண்டு தடவை போனால் 440, என் சம்பளத்தில் அது விளையாட்டில்லை, எங்கள் ஆபீஸ் காப்பீட்டில் இது வராது. 48 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுக் கட்டணம், ஆனால் அவர் இரண்டு தடவை முதல்நாள் ராத்திரி புலனத்தில் (வாட்ஸ்அப்) நேரத்தை மாற்றினார், மாற்றம்தான் எனக்கு ஆகாது என்று தெரிந்தே. கேட்டேன், மன்னிப்புக் கேட்டார், ஒரு தடவைக்குப் பாதி வாங்கினார். ஒரு புள்ளியைக் குறைத்தது அதற்குத்தான். மாலை ஆறுக்கு மேல் நேரம் கிடையாது. மேல்மாடியில் ஒரு டியூஷன் சென்டர், நான்கரை மணிக்கு நாற்காலி இழுக்கிற சத்தம் ஆரம்பிக்கும், காதடைப்பான் கொண்டுபோங்கள்.

தமிழில் பேச முடியாதது குறையா என்று கேட்டால், பாதி ஆமாம். கல்யாண மண்டபத்தை இவருக்கு விளக்க எனக்கு இரண்டு அமர்வு ஆனது. இன்னொரு பக்கம், தமிழில் எந்த உணர்ச்சிச் சொல்லை எடுத்தாலும் அது வீட்டில் யாரோ ஒருவர் குரலில்தான் காதில் கேட்கிறது, ஆங்கிலச் சொல் அந்தப் பாரம் இல்லாமல் வருகிறது. ஐயாவின் மொழியும் இவருடைய முறையும் ஒரே ஆளிடம் கிடைத்தால் மாறிவிடுவேனா என்று கேட்காதீர்கள். மாறுவது எனக்குப் பிடிக்காது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

காடியில் (காரில்) வருகிறவர்களுக்கு: கடைவரிசையின் முன்னால் நிறுத்த இடம் கிடைக்காது, பின் சந்தில் சாப்பாட்டுக் கடைக்காரர் கத்துவார். எல்ஆர்டியில் வாருங்கள்.